காசிமேட்டுப் புலவரின் மாணவர்

சென்னை ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே விழித்துக்கொள்ளும் இடம் காசிமேடு. விசைப்படகுகள் கரை திரும்பும். ஏலம் கூறும் குரல் எழும். ஐஸ் ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கும். தெற்கே ராயபுரமும் துறைமுகமும், வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் என வடசென்னையின் உழைப்பாளர் கடற்கரைக்கு நடுவில் இருக்கிறது இந்த ஊர். மீனுக்குப் பெயர்போன காசிமேட்டுக்குத் தமிழ் எழுத்தோடும் ஓர் உறவு உண்டு. அதை அந்த வட்டாரத்திலேயே பலர் அறிந்ததில்லை.

19-ம் நூற்றாண்டில் இந்த ஊர்ப் பெயரோடு அறியப்பட்ட ஒரு புலவர் இருந்தார். காசிமேடு சதாவதானி வைரக்கண் வேலாயுதப் புலவர். ஒரே நேரத்தில் பலர் கேட்கும் பலவிதமான கேள்விகளை மனதில் வாங்கி, எதையும் தவறவிடாமல் பதில் சொல்லும் கலைக்கு அவதானம் என்று பெயர். நூறு விஷயங்களை அப்படிக் கவனிக்க வல்லவர் சதாவதானி. அந்தப் புலவரிடம் தமிழ் படித்த சிறுவர்களில் ஒருவன் பெயர் காத்தவராயன். பின்னாளில் அயோத்திதாசப் பண்டிதர் என்று நாடறிந்தவர் அவர்தான்.

பல மொழிகளுக்கும் பல மதங்களுக்கும் நடுவில் வளர்ந்த ஒருவர், தனக்கென்று ஒரு குரலை எப்படிக் கண்டுகொண்டார் என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைப் போல இன்னொன்று கிடைப்பது அரிது. அந்தக் குரலைக் கண்டுகொள்ள அவருக்கு 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பட்லர் வீட்டு ஓலைச்சுவடி

1845 மே 20 அன்று சென்னையில் பிறந்தார் காத்தவராயன். தந்தை பெயர் கந்தசாமி. தாத்தா கந்தப்பன், ஜார்ஜ் ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். ஆங்கிலேயர் வீட்டு அடுப்படியையும் சாப்பாட்டு மேசையையும் நிர்வகிக்கும் வேலை அது. அந்தக் காலத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்த சில வாசல்களில் ஒன்று. ஊர்த்தெருவில் நடக்க விடாதவர்கள் சமைத்த உணவை, நாட்டை ஆளும் துரை மறுப்பின்றிச் சாப்பிட்டார். அதனால் சாதி ஒழிந்துவிடவில்லை. ஆனால் தீட்டு என்பது இயற்கையின் சட்டம் அல்ல, மனிதர்கள் செய்த ஏற்பாடுதான் என்பதை அந்தக் குடும்பம் தினமும் கண்ணால் பார்த்தது.

அந்த பட்லர் வீட்டில் கரண்டியும் பாத்திரமும் மட்டும் இருக்கவில்லை. ஓலைச்சுவடிகளும் இருந்தன. தன் தாத்தா பாதுகாத்து வைத்திருந்த திருக்குறள் சுவடியை ஆரிங்டனிடம் கொடுத்தார் என்றும், அவர் வழியாக அது எல்லீஸ் துரையின் கைக்குச் சென்றது என்றும் பண்டிதரே பின்னாளில் எழுதியிருக்கிறார். திருக்குறள் முதன்முதலில் அச்சேறிய ஆண்டு 1812. தமிழின் பெருமையாக உலகம் கொண்டாடும் ஒரு நூலைக் காத்துக் கொடுத்தவர்களில் தன் தாத்தாவும் ஒருவர் என்ற நினைவு அவரைக் கடைசிவரை விடவில்லை. எழுத்தறிவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது என்று யார் சொன்னாலும், அதை மறுக்க அவருக்கு வெளியே சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை.

குடும்பத்தில் சித்த மருத்துவமும் இருந்தது. மூலிகைப் பெயர்களும் நாடி பார்க்கும் முறையும் அவருக்குச் சிறுவயதிலேயே அறிமுகமாயின. தமிழோடு ஆங்கிலம், வடமொழி, பாலி ஆகியவற்றிலும் அவர் பயிற்சி பெற்றார்.

ஒரு பெயரை விட்டு இன்னொரு பெயர்

காசிமேட்டுப் புலவரைப் போலவே அவருக்கு வாய்த்த இன்னொரு ஆசிரியர் வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராசப் பண்டிதர். அவர்மீது கொண்ட மதிப்பால், மாணவர் காத்தவராயன் தன் பெயரையே அயோத்திதாசர் என்று மாற்றிக்கொண்டார்.

காத்தவராயன் சாதாரணப் பெயர் அல்ல. தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்ட வீரன், கிராமங்களில் இன்றும் வணங்கப்படும் தெய்வம். அப்பா அம்மா வைத்த அந்தப் பெயரை விட்டு, கல்வி தந்தவரின் பெயரை ஏற்றுக்கொண்டார் அந்த இளைஞர். யார் எனக்குப் பெயர் வைப்பது என்ற கேள்வி அவர் வாழ்க்கை முழுவதும் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு அவர் கொடுத்த முதல் பதில் இது.

நீலகிரியில் கேட்ட குரல்கள்

குடும்பம் நீலகிரிக்குச் சென்றது. அன்றைய உதகமண்டலம் ஒரு விசித்திரமான கலவை. தோடரும் கோத்தரும் படகரும் தத்தம் மொழி பேசினர். சமவெளியிலிருந்து தமிழரும் கன்னடரும் மலையாளிகளும் பிழைக்க வந்தனர். வெயிலுக்குப் பயந்து வந்த ஆங்கிலேயர்கள் பங்களா கட்டினர். தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே எழுந்தன. தீண்டாமை என்னும் கட்டு மலையிலும் இருந்தது. ஆனால் கீழே கிராமத்தில் கேள்வி கேட்கவே முடியாத பல வழக்கங்கள், பல இனத்தார் கூடி வாழ்ந்த இடத்தில் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன.

1870-களில் அங்கே அத்வைதானந்த சபை என்ற அமைப்பை அவர் தொடங்கினார். பிரம்மம் ஒன்றே என்று சொல்லும் அத்வைதத்தில் சாதிக்கு இடமிருக்க முடியாது என்று அப்போது நம்பினார். தன் மக்கள் கிறிஸ்தவத்துக்குப் போகாமல் தங்கள் மரபிலேயே மரியாதையோடு வாழ வழி இருக்கிறதா என்று தேடினார். 1885-ல் ஜான் ரத்தினம் என்ற கிறிஸ்தவப் போதகரோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழில் பணியாற்றினார். மதம் வேறாக இருந்தாலும் இருவருக்கும் வலி ஒன்றுதான்.

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது, ஒடுக்கப்பட்ட மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். 1886-ல், இவர்கள் இந்துக்கள் அல்லர் என்று வெளிப்படையாக அறிவித்தார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று நீலகிரியில் நடந்த அதன் மாநாடு 10 கோரிக்கைகளை நிறைவேற்றியது. பள்ளிக்கூடம், உதவித்தொகை, அரசு வேலை, பொதுக் குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் எடுக்கும் உரிமை எனப் பல கோரிக்கைகள். அவற்றோடு, இழிவான பெயர் சொல்லி அழைப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்றும் மாநாடு கேட்டது. சோற்றுக்கும் வேலைக்கும் சமமாக மக்களின் பெயரையும் ஓர் உரிமையாக வைத்த கோரிக்கை அது.

விக்டோரியா மண்டபத்தில்

1892-ல் சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாக அயோத்திதாசர் வந்திருந்தார். எல்லோருக்கும் பொதுவான கடவுள் என்றால், விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்கள் மக்களை ஏன் விடக்கூடாது என்று எழுந்து கேட்டார்.

கூட்டத்தில் எதிர்ப்பு கிளம்பியது. தஞ்சாவூர் பிரதிநிதி சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பேசினார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று அயோத்திதாசர் அங்கேயே சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் வாழ நிலமும் கேட்டார்.

ஒரு காலத்தில் காத்தவராயன் என்ற கிராம தெய்வத்தின் பெயரைத் தாங்கியிருந்தவர் அவர். உன் இடம் அந்தத் தெய்வங்களோடுதான் என்று அந்தச் சபையில் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆங்கிலேயர் வீட்டுப் பழக்கம், அத்வைதம், நான்கு மொழி அறிவு எல்லாம் இருந்தும், அடுத்தவர் கட்டிய வீட்டின் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை பதில் இப்படித்தான் வரும் என்பதை அன்று அவர் உணர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தேடியது தன் மக்களின் சொந்த வீட்டை.

அந்தத் தேடல் 1898-ல் இலங்கைக்கு அழைத்துச் சென்றது. பிரம்மஞான சபையின் ஆல்காட் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-ல். அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் இந்தப் பாதை போடப்பட்டது.

இதே காலத்தில் அவருடைய மைத்துனர் வேறு வழியில் நடந்தார். அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். அயோத்திதாசரின் மனைவி தனலட்சுமி அவருடைய சகோதரி. எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்கிறீர்களோ அந்தப் பெயரையே தலை நிமிர்ந்து சொல்வோம் என்று முடிவெடுத்து, 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார் அவர். அந்தப் பெயரே நம் பகைவர்கள் வைத்தது, அதை ஏன் சுமக்க வேண்டும் என்றார் அயோத்திதாசர். ஒரே குடும்பத்தில் இரண்டு பதில்கள். இன்றும் நம் தெருக்களில் இந்த விவாதம் முடியவில்லை.

ஒரு பைசாவுக்கு ஒரு பத்திரிகை

1907 ஜூன் 19, புதன்கிழமை. ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்று வெளிவந்தது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. அப்போது ஒரு ரூபாய்க்கு 64 பைசா. கூலிக்காரரும் வாங்கக்கூடிய விலையைப் பத்திரிகையின் பெயரிலேயே எழுதி வைத்தார். அவருக்கு அப்போது வயது 62.

தமிழன் என்ற சொல்லையும் கவனியுங்கள். ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர், தன் பத்திரிகைக்குச் சாதிப் பெயர் வைக்கவில்லை. மதப் பெயரும் வைக்கவில்லை. இந்த மொழிக்கும் மண்ணுக்கும் உரியவர் நாங்கள் என்று சொல்லும் பெயரை வைத்தார். ஓராண்டுக்குப் பின், 1908 ஆகஸ்டில், வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி விலையைக் குறித்த பகுதி பெயரிலிருந்து நீங்கி, ‘தமிழன்’ ஆனது. அச்சடிக்கச் சொந்தமாகக் கௌதமா அச்சுக்கூடமும் அமைந்தது.

காசிமேட்டு சதாவதானியின் மாணவர் என்பதற்கு அந்தப் பத்திரிகையே சாட்சி. உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, மழை, விளைச்சல், மருத்துவக் குறிப்பு, பெண் கல்வி, விதவைகளின் நிலை, இலக்கிய ஆராய்ச்சி, வாசகர் கேள்விக்குப் பதில் என எதையும் விடவில்லை. சுதேசி இயக்கம் வேகமாக இருந்த காலம் அது. சொந்த நாட்டு மக்களையே தொடாதவர்கள் யாருக்காகச் சுதேசியம் பேசுகிறார்கள் என்று வாரந்தோறும் கேட்டார்.

அவருடைய குரலின் தனித்தன்மை, பழக்கமான விஷயத்தைப் புதிதாகப் பார்க்க வைப்பதில் இருந்தது. தீபாவளி அசுரனைக் கொன்ற நாள் என்பது ஊரறிந்த கதை. எள்ளிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைக் கண்டறிந்ததைக் கொண்டாடிய பௌத்தர் பண்டிகை அது என்றார் பண்டிதர். கார்த்திகை தீபத்தை ஆமணக்கு எண்ணெயோடு சேர்த்துச் சொன்னார். கொலையைக் கொண்டாடும் கதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உழைப்பையும் கண்டுபிடிப்பையும் வைத்தார். ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘பூர்வத் தமிழொளியாம் புத்தரது ஆதிவேதம்’ போன்ற நூல்கள் இந்த முறையில் எழுதப்பட்டவையே. திருக்குறளுக்கும் பௌத்த நோக்கில் உரை எழுதத் தொடங்கினார். தாத்தா காத்த சுவடிக்குப் பேரன் உரை எழுதினார்.

இந்த நாட்டின் பூர்வகுடிகள் பௌத்தர்கள், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது அதை விடாமல் நின்றவர்களே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் எழுத்தின் அடிப்படை. நாம் தாழ்ந்தவர்கள் அல்லர், தாழ்த்தப்பட்டவர்கள் என்று இன்று மேடைகளில் சொல்கிறோம். அந்த வேறுபாட்டைத் தமிழில் வரலாறாக எழுத முனைந்த முன்னோடி அவர்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகளில் பல இன்றைய மொழியியலுக்கு ஒத்துவராதவை. ஆங்கிலேய ஆட்சியை அவர் அளவுக்கு மீறி நம்பினார். ஒடுக்கப்பட்ட மக்களிலேயே வேறு சில சமூகங்களைத் தன்னோடு சமமாகச் சேர்த்துப் பார்க்கவில்லை என்ற விமர்சனமும் நியாயமானது. எதையும் கேள்வி கேள் என்று கற்றுக்கொடுத்தவரை நாமும் கேள்வி கேட்கலாம். அதனால் அவர் சிறுத்துப்போக மாட்டார்.

கப்பலேறிப் போன வாசகர்கள்

‘தமிழன்’ சென்னைக்குள் மட்டும் படிக்கப்படவில்லை. கோலார் தங்கவயலிலும், ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகளும் அங்கெல்லாம் ஏற்பட்டன.

அவ்வளவு தூரத்தில் வாசகர்கள் எப்படி வந்தார்கள்? விடை வடசென்னைக் கடற்கரையில் இருக்கிறது. 1860 அக்டோபரில், ட்ரூரோ என்ற கப்பல் 340-க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அப்போது சென்னைக்குத் துறைமுகம்கூடக் கிடையாது. சிறு படகுகளில் அலை தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். அயோத்திதாசருக்கு அப்போது 15 வயது. அடுத்துவந்த ஆண்டுகளில், அதிலும் 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சை கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் பர்மாவுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறினார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்டவர்கள் ஏராளம்.

ஊரில் நிலமில்லாமல், தண்ணீர் எடுக்கக் கிணறு இல்லாமல் போனவர்கள் கரும்புத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் உழைத்துக் கையில் நாலு காசு பார்த்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்கள். ஒருவர் உரக்கப் படித்தால் பத்துப் பேர் கேட்பார்கள். தங்களைப் பற்றித் தங்கள் மொழியில் மரியாதையாக எழுதும் பத்திரிகை ஒன்று தபாலில் வந்தபோது, அதற்குச் சந்தாவும் நன்கொடையும் அனுப்பிக் காப்பாற்றியவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். பண்டிதர் தன் குரலைக் கண்டுகொண்டார் என்கிறோம். கேட்பதற்கு ஆள் இருந்ததால்தான் அது குரலானது.

மறந்ததும் மீட்டதும்

1914 மே 5 அன்று, 69-வது பிறந்தநாளுக்கு 15 நாட்கள் இருக்கும்போது, பண்டிதர் காலமானார். திருக்குறள் உரை முடியாமல் நின்றது. மகன் பட்டாபிராமன் சிறிது காலம் பத்திரிகையை நடத்தினார். பிறகு தங்கவயலில் ஜி.அப்பாதுரையார் அதை எடுத்து நடத்தினார். அங்குள்ள சாம்பியன் ரீப் பகுதியின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. சுரங்கத் தொழிலாளர்களின் ஊர்தான் அவர் எழுத்தைக் காப்பாற்றி வைத்தது.

அதன்பின் நீண்ட மறதி. பாடப்புத்தகத்திலும் இலக்கிய வரலாற்றிலும் அவருக்கு இடமில்லை. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அவருடைய எழுத்துகளை வெளியிட்ட பிறகுதான், ஒரு பெரும் சிந்தனையாளரைத் தவறவிட்டிருக்கிறோம் என்பது தமிழ்நாட்டுக்கு உறைத்தது. 2005-ல் அஞ்சல் தலை வந்தது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியது. 2021-ல் தமிழக அரசு, வடசென்னையில் அவருக்கு மணிமண்டபம் அமைக்கப்படும் என்று அறிவித்தது. 2023 டிசம்பர் 1 அன்று அது கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் திறக்கப்பட்டது.

மண்டபம் எங்கே இருந்தாலும் மகிழ்ச்சிதான். ஆனால் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த காசிமேட்டுப் புலவரை நினைவுகூர ஒரு நூலகமோ, ஒரு படிப்பகமோ அந்தக் கடற்கரையில் எழுந்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும். படகில் ஐஸ் ஏற்றும் வீட்டுப் பிள்ளையும், எண்ணூர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருப்பவரின் மகளும் மாலையில் உட்கார்ந்து படிக்க அங்கே ஓர் இடம் வேண்டும்.

2025 ஏப்ரலில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வசிப்பிடத்தின் பெயரே வசவாகிப்போனதுதான் அதற்குக் காரணம். இழிபெயருக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று பண்டிதரின் சபை கேட்டு அப்போது 134 ஆண்டுகள் ஆகியிருந்தன. பலகையில் பெயர் மாறுவது முதல் படி. அந்தத் தெருவின் கதையை அந்தத் தெருவில் பிறந்தவர்களே எழுதுவது அடுத்த படி.

உங்கள் வீட்டில் பாட்டி சொல்லும் மருத்துவமும், தாத்தா கப்பலேறிப்போன கதையும், ஊர் எல்லைச் சாமியின் பெயர்க்காரணமும் யாராவது வந்து எழுதுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இன்றைக்கே எழுதி வையுங்கள். பண்டிதரின் பத்திரிகையும் நான்கு பக்கத்தில்தான் தொடங்கியது.